ரெப்பஷாஜ்: தோற்றவளை மைக் திரும்பக் கூப்பிடும்போது

மல்யுத்தப் பயிற்சியாளருக்கு அடிபடாது என்று நினைக்கிறவர்கள், போட்டி நடக்கும்போது மேட் என்கிற மெத்தை விரிப்பின் ஓரத்தில் போட்டிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளே புரள்கிறவள் வேறொருத்தி. விலா வலிப்பது எனக்கு.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஓடாமல் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் குடோனை வாடகைக்குப் பிடித்துப் பெண்களுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பெண்கள் வருகிறார்கள், போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்கள் வருகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் மலையைப் பார்த்ததும் மனசு அடங்கிவிட்டது என்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், போட்டிக்கு முதல் நாள் ஒரு தடவைகூட எனக்கு அடங்கியதில்லை. பிள்ளையைப் பரீட்சைக்கோ பந்தயத்துக்கோ உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி. என்னை அதிகமாகப் பயமுறுத்திய ஒரு பிரெஞ்சு வார்த்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

ரிப்பேர் சார்ஜ்

நான் கபடி ஆடி வந்தவள். மல்யுத்த விதிகளை அரைகுறையாகப் படித்துக்கொண்டு, முதல் வருஷம் மாநிலப் போட்டிக்கு ஷர்மிளாவை அழைத்துப் போனேன். ஷர்மிளாவுக்கு ஊர் அடி அண்ணாமலை, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். முதல் ஆட்டத்திலேயே சேலத்துப் பெண் ஒருத்தி அவளைத் தூக்கி மேட்டுக்கு வெளியே எறிந்துவிட்டாள். ஷர்மிளாவின் கால் போய் ஸ்கோர் போர்டு வைத்திருந்த ஸ்டாண்டில் இடித்தது. ஸ்டாண்ட் சாய்ந்தது, போர்டில் குறுக்காக ஒரு விரிசல். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மைக்கில் ஒரு குரல். ஹாலின் எதிரொலியில் எனக்குக் கேட்டது இதுதான்: "ரிப்பேர் சார்ஜ், திருவண்ணாமலை ஷர்மிளா, உடனே வரவும்."  அந்த போர்டு என்ன விலை இருக்கும், மல்யுத்தச் சங்கத்தில் என்னை என்ன சொல்வார்கள், இனிமேல் போட்டிக்கே விடுவார்களா என்று ஒரே நேரத்தில் எல்லாம் ஓடியது. "பையை எடுடி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மைக் விடாமல் ரிப்பேர் சார்ஜ், ரிப்பேர் சார்ஜ் என்று துரத்தியது. சைக்கிள் ஸ்டாண்ட் வரை போய்விட்டோம். மார்பில் பேட்ஜ் குத்திய ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து வழியை மறித்தார்.

"மேடம், உங்க பொண்ணுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கத்தான் மைக்ல கத்திட்டு இருக்கோம், நீங்க எதுக்கு ஓடறீங்க?"

எதிராளிக்காக ஒரு வேண்டுதல்

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சரியாகக் கேட்டேன். ரெப்பஷாஜ். விதி இதுதான். நீங்கள் ஒருத்தியிடம் தோற்றுவிட்டீர்கள். அவள் அடுத்தடுத்து ஜெயித்து ஃபைனலுக்குப் போய்விட்டால், அவ்வளவு பலசாலியிடம் முதலிலேயே மாட்டிக்கொண்டது உங்கள் தப்பில்லை என்று சொல்லி உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அவளிடம் தோற்ற மற்றவர்களோடு ஆடி ஜெயித்தால் வெண்கலம் வரைக்கும் போகலாம். அவள் நடுவில் தோற்றால் உங்கள் கதையும் அங்கேயே முடிந்தது.

அடுத்த வருஷமும், யாருக்கு யார் எதிராளி என்று குலுக்கிப் போடும் டிராவில், ஷர்மிளாவுக்கு அதே சேலத்துப் பெண்தான் வந்து சேர்ந்தாள். அதே மாதிரி எறிந்தாள். இந்த முறை நாங்கள் ஓடவில்லை. கேலரியில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் முன்பு எங்களை எறிந்தவளுக்காகக் கைதட்டினோம். அவள் கால் இடறினால் எங்களுக்கு நெஞ்சு அடைத்தது. அவள் தண்ணீர் குடித்தால் எங்களுக்குத் தொண்டை நனைந்தது. ஷர்மிளா கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணாமலையாரே, அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று முணுமுணுத்தாள். தன் அம்மாவுக்காகக்கூட அவள் இப்படி உருகி வேண்டி நான் பார்த்ததில்லை. அரையிறுதி முடியும் வரை நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, அந்தப் பெண்ணின் பயிற்சியாளர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் எழுந்து எங்கள் பக்கமே வந்துவிட்டார்.

"நீங்க கை தட்டறதப் பாத்தா எனக்கு பயமா இருக்குது மேடம், எங்க பொண்ணுக்கு சூனியம் ஏதாவது வெச்சிட்டீங்களா?"

கழுத்து

எங்கள் தொழிலில் கை முறிந்தால்கூடக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். கழுத்து என்ற வார்த்தையை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். ஒரு சாயங்காலம் குடோனில் பயிற்சியின்போது ஷர்மிளா தலைகீழாக விழுந்தாள். தோள் படுவதற்கு முன்னால் தலை பட்டது. ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. எழுந்திருக்கவில்லை. "அசையாத, அசையாத" என்று நான் கத்துகிறேன், அவள் ஏற்கெனவே அசையாமல்தான் கிடக்கிறாள். "விரல ஆட்டு பாப்பம்" என்றேன். ஆட்டினாள். 

ஆம்புலன்ஸில் கழுத்துக்குப் பட்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே நின்றபோது அவள் அப்பா ஆட்டோவை வாசலிலேயே போட்டுவிட்டு வருவது தெரிந்தது. காக்கிச் சட்டை, நல்ல உயரம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போனார், டாக்டரிடம் பேசினார். எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், சில வாரம் ஓய்வு போதும் என்றார்களாம். வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதவிட ஜாஸ்தி அடி என் ஆட்டோல வந்தே வாங்கியிருக்கா மேடம், நீங்க மொதல்ல ஒரு டீ குடிங்க."

மோர்

கௌசல்யாவை இங்கே அறிமுகம் செய்ய வேண்டும். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அப்பா அம்மா இரண்டு பேரும் பயிர் வேலை. கல்லூரிக்குத் திருவண்ணாமலை வந்து போகிறவள் எங்கள் குடோன் வாசலில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். பேச்சு கம்மி. பிடித்தால் விட மாட்டாள்.

ஒரு போட்டிக்கு முன்னால், அவள் ஆடும் எடைப் பிரிவைவிட அவளுக்கு எடை கொஞ்சம் கூடிவிட்டது. நான் சாப்பாட்டில் சில மாற்றம் சொன்னேன், போதும் என்று நினைத்தேன். அவளுக்குப் போதவில்லை. என்னிடம் சொல்லாமல் தண்ணீரை நிறுத்திவிட்டு, வேர்த்து எடை இறங்க மழைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் கிரிவலப் பாதையில் ஓடியிருக்கிறாள். சாமியார்களெல்லாம் எழுந்து வழிவிட்டார்களாம். அடி அண்ணாமலை தாண்டும்போது கண் இருண்டு ஒரு பெட்டிக்கடை வாசலில் சரிந்துவிட்டாள். கடைக்காரம்மா அவள் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் போன அந்தத் தூரம் முழுவதும் நான் வண்டியை ஓட்டிய ஞாபகமே இல்லை. போய்ப் பார்த்தால் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், உதடு வெடித்திருக்கிறது, வாயில் ஊற்றும் மோரை எடைக்குப் பயந்து வெளியே துப்பிக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து எடைக்காகத் தண்ணீரை நிறுத்துகிறவளுக்கு என் குடோனில் இடமில்லை. ஆனால் அந்த நேரத்தில் கடைக்காரம்மாதான் டம்ளரோடு அவள் முன்னால் குனிந்தார்.

"ஏம்மா, குடுக்க குடுக்கத் துப்பற, மோர்ல என்னம்மா பாரம் இருக்குது?"

தலைக் குறி மாறினால் பாவம்

ரெப்பஷாஜ் என்றால் என்ன என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். "அது ரூல் மேடம்" என்பார்கள். அது எனக்கும் தெரியும். புதுச்சேரியில் ஒரு போட்டியில்தான் அர்த்தம் கிடைத்தது. மைக் மேசையில் அருளப்பன் சார் என்று ஒருவர் இருந்தார். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். மத்தியான சாப்பாட்டு இடைவேளையில் அவர் எதிரில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

அவர் மீன் குழம்பில் கையை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "நீங்க சரியான நேரத்துலதான் கேட்டீங்க. பெஷே-ன்னா பிரெஞ்சுல மீன் பிடிக்கிறது. அதே சத்தத்துல இன்னொரு வார்த்தை இருக்குது, எழுத்து மேல போடற குறி மட்டும் வேற. அதுக்குப் பாவம் பண்றதுன்னு அர்த்தம். சின்ன வயசுல நான் அந்தக் குறிய மாத்திப் போட்டு, எங்கப்பா ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் பாவம் பண்ணப் போனார்னு எழுதி அடி வாங்குனேன்." சிரித்துவிட்டு மேலே சொன்னார். முன்னால் 'ரெ' சேர்த்தால் திரும்ப என்று அர்த்தமாம். திரும்ப மீன் பிடிப்பது, அதாவது தண்ணீரில் விழுந்ததைத் திரும்ப வெளியே எடுப்பது. பரீட்சையில் கொஞ்சத்தில் தவறியவர்களைக் கைதூக்கிவிடுவதற்கும் அங்கே அதே வார்த்தைதானாம். படகுப் பந்தயத்திலும் சைக்கிள் பந்தயத்திலும் முதல் சுற்றில் தோற்றவர்களுக்கு இன்னொரு ஓட்டம் வைத்தபோது அது விளையாட்டுக்குள் வந்தது, அப்புறம் மல்யுத்தத்துக்கும் வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் என்னை மிரட்டிய வார்த்தைக்குள் இவ்வளவு கருணையா என்று வியந்தேன். அவர் கை கழுவ எழுந்தார்.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க மேடம், கரையில இழுத்துப் போடறதோட அந்த வார்த்தை முடிஞ்சிடும், மூச்சு விடறது அவங்க பாடு."

பாதாளக் கரண்டி

ஊருக்கு வந்ததும் பெற்றோர்களைக் குடோனுக்கு வரச் சொன்னேன். ஒரு தோல்வியோடு பெண்ணை நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு, அவர்களுக்குத் தைரியம் சொல்ல இந்த வார்த்தை உதவும் என்று எனக்கு ஒரு எண்ணம். பெஷே, ரெப்பஷாஜ் எல்லாம் சொன்னேன். யார் முகத்திலும் ஒன்றும் ஏறவில்லை. உடனே நம்ம ஊர் உதாரணம் ஒன்று எடுத்துவிட்டேன். "கிணத்துல குடம் விழுந்துட்டா என்ன பண்ணுவோம்? கொக்கி கொக்கியா இருக்குமே பாதாளக் கரண்டி, அதைக் கயித்துல கட்டி விட்டு, துழாவி எடுக்கறோம் இல்லையா? அதேதான். தோத்து முழுகினவங்களை மேல இழுக்கறது."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஷர்மிளாவின் அப்பா பலமாகத் தலையாட்டினார். நான் பெருமையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில் கௌசல்யாவின் அம்மா சரோஜாக்கா உட்கார்ந்திருந்தார். வெயிலில் காய்ந்த ஒல்லியான உடம்பு, மடியில் கட்டைப்பை. பையின் காதை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். கௌசல்யா எழுந்து, "அம்மா, வாம்மா போலாம்" என்றாள். அவர் எழவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. 

"செத்தவங்கள எடுக்கறதுக்கும் அதே வார்த்ததானா மேடம்?"

போனில் ஒரு கேள்வி

அவர்கள் போன பிறகு ஷர்மிளாதான் சொன்னாள். கௌசல்யாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான். மழைக்காலத்தில் கழனிக் கிணற்றில் மோட்டாரைப் பார்க்க இறங்கியவன் வழுக்கி விழுந்துவிட்டான். தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் பாதாளக் கரண்டியைத்தான் விட்டுத் துழாவியிருக்கிறார்கள்.

நான் குடோன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இல்லை என்று ஒரு பதில் கிடைத்தால் இப்போதே பின்னால் ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று அருளப்பன் சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டேன்.  ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"ஆமா மேடம், ஆத்துல இருந்து பொணத்த எடுத்தாலும் பேப்பர்ல அதே வார்த்தையத்தான் போடுவான்."

கீழ்பென்னாத்தூர் பஸ்

அதற்கப்புறம் கௌசல்யா பயிற்சிக்கு வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அடுத்த மாதம் விழுப்புரத்தில் போட்டி. போட்டி கிடக்கட்டும், அந்த அம்மாவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அவர்கள் கழனியை அடைந்தபோது ஒத்திகை பார்த்தது ஒன்றும் ஞாபகம் இல்லை.

பிடுங்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிகளைக் குவித்து வைத்துக்கொண்டு, சரோஜாக்காவும் கௌசல்யாவும் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அந்தக் கிணறு. மேலே கம்பி வலை போட்டு மூடியிருந்தது. நானும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன். "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "தெரிஞ்சிருந்தா அந்தப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் சரோஜாக்கா. கை நிறையக் காயை அள்ளிக் கூடையில் போட்டார். கௌசல்யா தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு அவரே பேசினார். "இவள நிறுத்தணும்னு எனக்கு இல்ல மேடம். இவ மேல ஏறி இன்னொருத்தி அமுக்கறத நெனச்சா எனக்கு மூச்சு முட்டுது. அதையும் பொறுத்துக்கறேன். இவ அண்ணன் போனதுல இருந்து இவ சிரிச்சதே உங்க எடத்துக்கு வந்தப்புறந்தான்." நான் தலையை ஆட்டினேன். அவர் ஒரு செடியை உதறி மண்ணைத் தட்டிவிட்டுக் கடைசியாகச் சொன்னதற்கும் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்ய முடியும்?

"கூட்டிம் போங்க, ஆனா தோத்துட்டா நேரா ஊட்டுக்குக் கூட்டியாந்துடுங்க, அந்தத் திரும்ப எடுக்கறது மட்டும் எம் பொண்ணுக்கு வேணாம்."

விழுப்புரம்

டிராவைப் பார்த்தேன். கௌசல்யாவுக்கு முதல் ஆட்டமே மாநிலத்தில் தங்கம் வாங்கிய பெண்ணோடு. நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் தோற்றாள். "கிளம்பிடலாமா மேடம்?" என்று கேட்டாள். ஷர்மிளாவின் ஆட்டம் பாக்கி இருந்தது, அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. கௌசல்யாவை எறிந்தவள் அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்களைத் தோற்கடித்தவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் எதிராளியைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பி வலைதான் கண்ணில் வந்தது. அரையிறுதியையும் ஜெயித்துவிட்டாள்.

"ரெப்பஷாஜ், திருவண்ணாமலை கௌசல்யா." இந்த முறை மைக் தெளிவாகக் கேட்டது. கௌசல்யா உடை மாற்றாமலே இருந்தாள், அதைக் கவனித்ததும் எனக்கு இன்னும் பயம் கூடியது. "நீ என்ன சொல்ற?" என்றேன். "ஆடணும் மேடம். ஆனா அம்மா சொன்னா வேணாம்" என்றாள். சரோஜாக்காவுக்குப் போன் போட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. மைக் இரண்டாம் முறை கூப்பிட்டது. மூன்றாம் முறைக்கும் போகாவிட்டால் எதிராளிக்குக் கையைத் தூக்கிவிடுவார்கள். திரும்பவும் போட்டேன். கட் ஆனது. யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் சரோஜாக்கா, கையில் போன். காலையிலேயே தனியாக பஸ் ஏறி வந்து, எங்களிடம் சொல்லாமல் கேலரியின் கடைசிப் படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அவர் என்னிடம் பேசவில்லை, மகளிடம்தான் பேசினார். "உள்ள போனா திரும்பி வந்துடுவியாடி?" கௌசல்யா தலையசைத்தாள். "சொல்லு." "வந்துடுவேம்மா." மூன்றாவது முறை மைக் அவள் பெயரைச் சொல்லும்போது கௌசல்யா மேட்டில் கால் வைத்தாள்.

அந்த ஆட்டத்தில் நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பாதி ஆட்டத்தில் எதிராளி அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கிப் பின்பக்கமாகப் போட்டாள். கௌசல்யா முகம் குப்புற விழுந்தாள், மேலே அந்தப் பெண். ரெஃப்ரி விசில் ஊதினார். கௌசல்யா அசையவில்லை. டாக்டர் பையோடு உள்ளே ஓடினார்.  பயிற்சியாளர் எழுந்து உள்ளே போகக் கூடாது, நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சரோஜாக்கா நின்றார். அழுவார், ஓடி வந்து விழுவார் என்று பயந்து பார்த்தேன். அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழனியில் எட்ட இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரலில், "கௌசி! கௌசி! நான் இங்கதான் நிக்கறேன்!" என்று கூப்பிட்டார். நிறுத்தாமல் கூப்பிட்டார்.

கௌசல்யா ஒரு கையை ஊன்றினாள். மூக்கில் ரத்தம். டாக்டர் பஞ்சு வைத்து, கண்ணில் விளக்கடித்து, பெயர் கேட்டு, ஊர் கேட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். எழுந்து நின்று ஆடினாள். அந்தப் பெண்ணின் காலை வாரிக் கீழே போட்டு, இரண்டு தோளும் மேட்டில் பதியும் வரை விடவில்லை. அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டம். அதில் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டாள். எனக்கு அது மனதில் பதியவே இல்லை. நான் திரும்பி சரோஜாக்காவைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, கயிற்றைப் பிடித்த கையில் சிவந்த தடம். கயிற்றை இன்னும் விடவில்லை.

"அவன் விழுந்தப்ப நான் கடல மூட்டையோட மண்டியில இருந்தேன் மேடம், பேரு சொல்லிக் கூப்பிடக்கூட பக்கத்துல நான் இல்ல."

திரும்பும் பஸ்

செஞ்சி வழியாகத் திரும்பினோம். ஜன்னல் ஓரத்தில் கௌசல்யா மூக்கில் பஞ்சோடு தூங்கிவிட்டாள். சரோஜாக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அடிக்கடி அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிடுவார். நான் வெளியே திரும்பினால் மறுபடி வைப்பார். தோற்றவுடனே கூட்டி வராமல் சொன்ன சொல்லை மீறிவிட்டேன் என்று என்னைத் திட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் மகள் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூர் வந்தது. மகளை எழுப்பி, கட்டைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ் நகரும்போது என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலெட்டு நடந்தார்.

"அடுத்த போட்டி எப்ப மேடம், அதுல தோத்தாலும் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க இல்ல?"

மற்ற விளையாட்டுகளில் தோற்ற நிமிஷத்தோடு பயம் தீர்ந்து ஆட்கள் சாப்பிடப் போய்விடுகிறார்கள், எங்கள் விளையாட்டில் அந்த நிமிஷத்திலிருந்துதான் சாப்பாடு இறங்குவதில்லை.